கரடி இன்னும் மரத்தில்தான் இருக்கிறது

என் செல்லத் தம்பி ராசு,

போன மழைக்காலத்தில் நீ போனதிலிருந்து உன்னிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. கெட்ட சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். தேயிலை விலை நீ விட்டுப்போன இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் நம் லயத்து வரிசைவீட்டுச் சனம் வேன் ஏறி எமரால்டு ஊர்ப்பக்கம் கேரட் பிடுங்கப் போகிறது.

இனி நல்ல சேதி. நீ ஆசைப்பட்ட கோடை வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். "இந்த லயத்துல எழுதறதே யார்கிட்டயாவது கேக்கத்தான். புள்ளைங்களாவது சும்மா, சந்தோசத்துக்கு எழுதணும்க்கா" என்பாயே. நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் ஆயாவாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், எஸ்டேட் வேலை இல்லாமல் கைக்குழந்தைகள் வராத நாட்களில், மத்தியானம்வரை கதை எழுதும் வகுப்பு. எஸ்டேட் மேனேஜர் துரையிடம் நானே போய்ச் சாவி கேட்டேன். கொடுக்காமல் எங்கே போவார்?

முதல் நாள், "ஆளுக்கொரு கதை எழுதுங்க" என்றேன். வாங்கிப் பார்த்தால் எல்லாத் தாளிலும் அனுப்புநர், பெறுநர், பொருள். யார் பார்த்த வேலை இது? நீ ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தபோது உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த வாண்டுகள்தானே இவை. எழுத்து என்றாலே மனுதான் என்று நினைத்துவிட்டன.

திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒரு தாள் கண்ணில் பட்டது. "பெறுநர்: காட்டெருமை அவர்கள். பொருள்: கக்கூஸ் போகும் வழியில் நிற்பது தொடர்பாக." இன்னொருத்தன், தொலைந்த பந்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பனிமூட்டத்துக்கு எழுதியிருந்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. உன் நினைப்பும் கூடவே வந்தது. சரி, மனுவாகவே எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். அம்மாமார் அவர்களையும் கேரட் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாரியாயி மகள் சுமதியும் வரவில்லை. வகுப்பிலேயே பெரிய கதைக்காரி அவள்தான். இப்படியே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஒருநாள் விடிகாலையில் வேன் நிற்கும் இடத்துக்கே போய்விட்டேன், சண்டை போடத்தான்.

மாரியாயி என்னைக் கண்டதும் ஒரு தாளை நீட்டினாள். "புள்ள எழுதிக் குடுத்துச்சுக்கா. எனக்கெங்க படிக்கத் தெரியும்? என்னன்னு சொல்லுங்க." எல்லோருக்கும் கேட்கும்படிப் படித்தேன்.

"பெறுநர்: அம்மா அவர்கள். பொருள்: கரடி. ஐயா, என் கதையில் கரடி மரத்தில் ஏறிவிட்டது. நான் வகுப்புக்குப் போய் எழுதினால்தான் இறங்கும். அதற்குப் பசிக்கும். ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து என்னை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அம்மாவை ஐயா என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை. "மத்தியானத்துக்கு மேல ஊட்டுல தனியா விட முடியுங்களாக்கா? அதான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"நீ வர்றவரைக்கும் நான் வெச்சுக்கறேன். சோறும் போடறேன்."

அவள் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். "ஊட்டு மனைக்குக் குடுத்தோம், தண்ணிக்குக் குடுத்தோம். ராசு அண்ணன் எழுதுன மனு ஒண்ணுக்கும் ஒருத்தரும் பதில் சொன்னதில்ல. எனக்குன்னு இன்னிக்குத்தான் ஒரு மனு வந்திருக்கு. நானும் பதில் சொல்லாம இருந்தா எப்படிக்கா?" சுமதியை என் பக்கம் தள்ளிவிட்டு வேனில் ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள்.

எழுதியதெல்லாம் வீண் என்று கண்ணை மூடும்வரை நொந்துகொண்டாயே ராசு, நீ அங்கே இருந்திருக்க வேண்டும்டா. அவள் சொன்னது உனக்குக் கேட்டிருக்குமா?

இப்போது வகுப்பு சாயங்காலம்வரை நடக்கிறது. சுமதியின் கரடி மட்டும் இறங்கியபாடில்லை. முறுக்கு தின்கிறது, தூங்குகிறது, மழையை வேடிக்கை பார்க்கிறது. எப்போதுதான் இறங்கும் என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் தொறக்கட்டுங்க டீச்சர்" என்கிறாள். ஆயாவை டீச்சர் ஆக்கிவிட்டாள், கேட்டுக்கொள்.

அதுவரை சாவி என் முந்தானையில்தான். அடுத்த கோடையிலும் துரை வீட்டு வாசலில் நிற்பேன், அதற்கடுத்த கோடையிலும் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மனுவை ஏற்றுக்கொண்ட அக்கா,
பொன்னம்மா