மூன்று டிஸ்க்கும் தபால்காரரின் குரலும்

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் கணினியின் பழைய டிஸ்க் இன்றும் கடகடவென்று சத்தம் போட்டது. கண் தெரியாதவர்களுக்காக நாங்கள் பதிவு செய்த அத்தனை புத்தகமும் அதில்தான். தபால்காரர் படித்த நாவலும் அதில்தான், நாற்பத்திரண்டு மணி நேரம். பார்வையில்லாத மனைவிக்காகப் படிக்க வந்த மனிதர். போன மாதம் தொண்டையில் ஆபரேஷன். குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிஸ்க் போனால்? அந்தக் குரலும் போச்சு.

மார்ச் 6

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கேட்டேன். மூன்று டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க்காக்கலாம், ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும், அதற்குப் பெயர் ரெய்டு, நம் மதர்போர்டிலேயே அந்த வசதி இருக்கிறது என்றார். "உங்களுக்கு அது சரிப்படாதுக்கா. அடுத்த மாசம் நானே வந்து பண்ணித் தரேன்."

சரிப்படாதாமே. பார்க்கலாம்.

மார்ச் 8, சனி

மூன்று புது டிஸ்க் வாங்கி நானே செய்தேன். பன்னிரண்டு திருகு, மூன்று கேபிள், கட்டைவிரலில் ஒரு கீறல். ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டி கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனேன். சாட்டா மோடு, அதாவது டிஸ்க்குகள் தனித்தனியா சேர்ந்தா என்று சொல்லும் இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருந்ததை ரெய்டு என்று மாற்றினேன். எஃப்10 அழுத்திச் சேமித்தேன். பிறகு மூன்றையும் சேர்த்து ரெய்டு 0 கொடுத்தேன். இடம் நிறையக் காட்டியதே என்ற பேராசை. அதில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சாம். அழித்துவிட்டு, மெக்கானிக் சொன்ன மாதிரி ஒன்று செத்தாலும் தாங்கும் ரெய்டு 5.

இதையெல்லாம் எழுதுவதைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். "பல்லு தேய்ச்சதையும் எழுதிட்டியா?"

எழுதுவேன்.

மார்ச் 11

எல்லாவற்றையும் புது டிஸ்க்குகளில் நகல் எடுத்தாயிற்று. சோதித்துப் பார்க்க, கணினியை அணைத்து ஒரு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி ஆன் செய்தால் தபால்காரர் அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்! தனியாக நின்று கைதட்டினேன். கேபிளை மாட்டியதும் தானே சரிசெய்துகொண்டது, ஐந்து மணி நேரத்தில்.

மார்ச் 14

பழைய டிஸ்க் செத்தது. போய் வா ராசா.

ஏப்ரல் 1

மாதம் பிறந்தால் வீட்டுக் கடிகாரங்களுக்கெல்லாம் பேட்டரி பார்ப்பது என் வழக்கம். ஆபீஸ் கணினியின் கடிகாரமும் ஒரு வாரமாகப் பின்தங்கியது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருந்தது. கையோடு மாற்றினேன்.

ஆன் செய்தால் தனித்தனியாக மூன்று டிஸ்க். மூன்றும் காலி. புதிதாகத் தொடங்கவா, ஓகேயா என்று கேட்கிறது.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் — பழையதும் செத்துப்போச்சே.

மெக்கானிக்குக்குப் போன். "ஓகே குடுங்கக்கா, வந்துடும்."

வந்துடுமா? போய்டுமா? கொடுக்கவில்லை. அணைத்துவிட்டு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 2

காலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 8. 'ஏஹெச்சிஐ என்று இருந்ததை ரெய்டு என்று மாற்றினேன்.'

அடி மண்டு. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடாதா?

ஆபீஸுக்கு ஓடினேன். டெலீட். சாட்டா மோடு. ஆமாம், ஏஹெச்சிஐ! மாற்றினேன். எஃப்10. மூன்றும் ஒன்றாக வந்து நின்றன. பக்கத்தில் 'நார்மல்' என்று ஒரு சொல். அதைப் பார்த்து இப்படி அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஓகே குடுத்திருந்தா வம்பாயிருக்கும்க்கா. நோட்டுல அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

வீட்டுக்காரரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை.

ஏப்ரல் 4

தனியாக இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு நகல். பூட்டி அலமாரியில் வைத்தாயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்

தபால்காரரும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டி முதல் அத்தியாயத்தைப் போட்டேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"தபாலைப் போட்டுட்டு ஓடுற மாதிரியே படிக்கிறாரு."

தபால்காரர் மனைவியின் கையில் இரண்டு தட்டு தட்டினார்.

"சரி சரி, சண்டைக்கு வராதீங்க," என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பி, "நீ நிறுத்தாதே கண்ணு, ஓடட்டும்."