சரக்கு இறங்கிய பிறகு சொல்லும் முடிவு

பாசத்துக்குரிய பங்காளி குமரேசா,

நீ ஒரு பொய்யன். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். மஞ்சள்காமாலை வந்து நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. அதனால் எழுதவேண்டியதாகிவிட்டது.

நான் இப்போது கதைப் புத்தகம் படிக்கிறேன். சிரிக்காதே. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, சூரமங்கலத்தில் டீசல் பம்பு கழற்றி மாட்டுகிறவன், சர்வீஸ் மேனுவல் தவிர வேறு எதையும் புரட்டாதவன் படிக்கிறேன். உன் லாரியில் சீட்டுக்குப் பின்னால் கிடந்த புத்தகப் பையைத் தேன்மொழி அண்ணி என்னிடம் கொடுத்தார். "இதப் பாத்தா எனக்குத் தாங்கலீங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க. படிக்கலீன்னாலும் பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லாத மத்தியானம், மேலே இருந்ததை எடுத்தேன்.

மலைக்கிராமத்து வாத்தியார் கதை. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ லாரி ஓட்டிக்கொண்டே ரசித்து ரசித்துச் சொன்னாயே. இரண்டு பக்கம் போனதுமே எனக்குக் கதை பிடிபட்டுவிட்டது. ராசிபுரம் தாண்டியதும் நீ சொல்ல ஆரம்பித்தது, வேகத்தடை வந்தபோது வாத்தியாரின் குடை பறந்தது, எல்லாம் அப்படியே புத்தகத்தில் இருந்தது. உன் குரலிலேயே படித்தேன் என்று வைத்துக்கொள். கடைசியில் அவருக்கு மாற்றல் உத்தரவு வரும், ஊரே கூடி வழியனுப்பும் என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

மாற்றல் வரவில்லை, குமரேசா. பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்கள். அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார். புத்தகம் முடிந்துவிட்டது.

அச்சுப் பிழையோ, பக்கம் கிழிந்துவிட்டதோ என்று அட்டையை வளைத்துப் பார்த்தேன். பக்கமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரி, இவனுக்கு மறந்திருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். காணாமல்போன நாய் கதை. நீ சொன்னதில் அது வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. புத்தகத்தில் ரோட்டோரத்தில் கிடக்கிறது. அதற்கடுத்தது கலங்கரை விளக்கக் காவலரின் மகள். அவள் கல்யாணம் நின்றுபோகிறது. நீ எனக்கு அந்தக் கல்யாணத்தில் பந்தியே போட்டாய், பாயசம் தித்திப்புக் குறைச்சல் என்றுகூடச் சொன்னாய்!

மேனுவலில் இத்தனை டார்க்குக்குத்தான், அதாவது இத்தனை முறுக்கு விசைக்குத்தான், போல்ட்டை இறுக்க வேண்டும் என்று இருக்கும். எவனாவது நல்ல மனசோடு அதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? போல்ட் அறுந்து முகத்தில் அடிக்கும். நல்ல மனசு அங்கே ஒன்றுக்கும் ஆகாது.

நம் இரண்டு பேரையும் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். இவன் என் பெரியப்பா மகன், என்னைவிடச் சில மாதம் மூத்தவன். நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் மண்டிக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப்போகும் லாரி ஓட்டினான். நான் சனிக்கிழமைதோறும் அந்தப் பக்கம் ஒரு ஸ்டார்ச் ஆலையில் ஜெனரேட்டர் பார்த்துவிட்டு, இவன் வண்டியில் திரும்புவேன். இவன் ஸ்டியரிங்கில், நான் நடுவில், கதவோரம் லோடுமேன் ராசண்ணன். மண்டியில் வரிசையில் காத்துக்கிடக்கும்போது இவன் படித்த கதையை அடுத்த வாரம் வழியெல்லாம் எங்களுக்குச் சொல்வான்.

நம் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்பறம் என்னடா ஆச்சு?"

"பொறு பங்காளி. பம்பு கழட்டற மாதிரியே கதையும் கேக்கறயே."

"கொண்டலாம்பட்டி வந்துருச்சு, நான் எறங்கோணும். முடிவச் சொல்லு."

"மண்டி வரைக்கும் வா. டீ வாங்கித் தாரேன், நின்னு நிதானமாக் கேட்டுட்டுப் போ."

"மண்டிக்கு வந்தா டவுன் பஸ்ஸு போயிரும். இப்பவே சொல்றயா, இல்ல குதிக்கட்டுமா?"

நீ ராசண்ணனைப் பார்ப்பாய். ராசண்ணன் சிரிப்பார். பிறகு முடிவைச் சொல்வாய். எல்லாம் சுபம். நானும் இறங்கி ஓடுவேன்.

நாயும் வாத்தியாரும் போகட்டும், அதையெல்லாம் மன்னித்துவிடுவேன். பையின் அடியில் இருந்த அந்தத் தறிக்காரர் கதைக்கு நீ பதில் சொல்லியே ஆகவேண்டும்.

என் அப்பாவோடு எனக்கு என்ன தகராறு என்று உனக்குத் தெரியும். சித்தப்பா சித்தப்பா என்று அவர் பின்னால் சுற்றியவன் நீ. அத்தை மகளுக்கும் எனக்கும் வெற்றிலைபாக்கு மாற்ற வந்த அன்று, இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். முன்னமே தனியாகச் சொல்லியிருந்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா எழுந்து நின்று, "இனி இந்த ஊட்டுப் படி ஏறாத" என்றார். நான் ஏறவில்லை. சூரமங்கலத்தில் ரூம் எடுத்தேன். தீபாவளிக்கும் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை.

அப்போதுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். விசைத்தறிக்காரர் ஒருவர், சண்டை போட்டுக்கொண்டு வெளியே போன மகன், வெகுகாலம் கழித்து அவன் வாசலில் வந்து நிற்பது. அன்றைக்கு முடிவைச் சொல் என்று நான் அவசரப்படுத்தக்கூட இல்லை. நீயாகத்தான் சொன்னாய்: "அப்பங்காரன் நிமிந்து பாத்தான். 'வந்துட்டியா சாமி. கைகால் கழுவு, சோறு ஆறுது'ன்னான். அவ்வளவுதான் பங்காளி. இதுக்குப் போயி பயந்துகிட்டு இருந்திருக்கான் பாரு அந்தப் பையன்."

அடுத்த வாரமே நான் ஊருக்குப் போனேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் போனேன். அப்பா மஞ்சள் காட்டில் நின்றிருந்தார். நான் வரப்பில் வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மோட்டார் ரூமுக்குள் போனார், சுவிட்சைப் போட்டார், மோட்டார் இரைய ஆரம்பித்தது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலோடு நடந்தார். கை கழுவத் தயாராக நின்றவன் நான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இப்போது புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? உனக்குத் தெரியாமல் என்ன. மகன் வாசலில் நிற்கிறான். அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். தறியின் சுவிட்சைப் போடுகிறார். அந்தச் சத்தத்தில் மகன் ஏதோ சொல்கிறான், யாருக்கும் கேட்கவில்லை. கதை முடிந்தது.

அந்தப் பக்கத்தைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். போயிருந்தாலும் மோட்டார் சத்தத்துக்குத் தயாராகப் போயிருப்பேன். எழுதினவர் எங்கோ உட்கார்ந்து என்னை எச்சரித்திருக்கிறார். நடுவில் நின்று அதை மறைத்தவன் நீ. கூடப் பிறந்தவனைப்போல் இருந்துகொண்டு இப்படிச் செய்வாயா?

நேரே மண்டிக்குப் போய் ராசண்ணனைப் பிடித்தேன். இப்போது வேறு வண்டியில் இருக்கிறார். மூட்டை இறக்கிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்தார். புத்தகத்தை நீட்டி, "அவன் எல்லாக் கதைக்கும் முடிவ மாத்தித்தான் சொன்னானா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "லோடு மேல இருக்கறப்ப கெட்டது எதும் வாயில வரக்கூடாதுங்க. சாவு, பிரிவு, அழுகாச்சி ஒண்ணும் பேசறதில்ல. நம்ம வண்டில ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். கடைசி மூட்ட எறங்கினதுக்கப்பறம் டீயக் கையில வாங்கிட்டு, 'ராசண்ணா, இப்ப நெசமான முடிவக் கேளுங்க'ம்பாப்ல. வாரா வாரம் கேட்டிருக்கறனுங்க. நீங்கதான் கொண்டலாம்பட்டிலயே குதிச்சுருவீங்களே!"

நான் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டவுன் பஸ்ஸுக்காக எல்லா முடிவையும் தவறவிட்டிருக்கிறேன்.

"சரி, இந்தத் தறிக்காரர் கதை? இதோட நெசமான முடிவையும் உங்ககிட்டச் சொன்னானா?"

அவர் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார்.

"சொன்னாப்லைங்க. அன்னிக்கு டீ குடிக்கல. 'இத அவங்கிட்டப் போன்ல சொல்லிரட்டுமா, வேண்டாமா'ன்னு என்னையே கேட்டாப்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'போயிட்டு வரட்டும் உடுங்க'ன்னேன். அதுக்கு, 'ஆமாண்ணா, நெசத்தச் சொன்னா அவன் போகவே மாட்டான்'னாப்ல."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் வண்டிப் பழக்கம், ஒத்துக்கொள்கிறேன். இதை யோசித்து, ஆளைக் கேட்டு, தெரிந்தே செய்திருக்கிறாய். நான் காட்டிலிருந்து திரும்பி வந்து உனக்குப் போன் செய்தபோது, "அப்படியா பண்ணுனாரு சித்தப்பா?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டாயே, அந்தக் குரலை நான் என்ன செய்வது? அப்போதாவது சொல்லியிருக்கலாமே. அதற்குப் பிறகும் எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தனவே.

கோபத்தில் படிப்பதை நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறாயா? இல்லை. சேலம் புத்தகக் கண்காட்சிக்குத் தனியாகப் போனேன். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறேன். கடைக்காரர் ஒருவர் கடுப்பாகி, "ஏனுங்க தம்பி, இது என்ன காலாவதித் தேதி பாக்கற மாத்திரைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். பாலம் கட்டுவது பற்றிய புத்தகம் ஒன்று வாங்கினேன், அருமை. அதில் யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு நாவலில் டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுகிறான் கதாநாயகன். டீசல் இன்ஜினில் ஏதடா ஸ்பார்க் பிளக்? அதை மூடி வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "பிளக்க உடு, அந்தப் புள்ள என்ன ஆனான்னு பாரு" என்று சண்டைக்கு வந்திருப்பாய்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். உன் கருமாதிக்கு எல்லாப் பங்காளிகளும் வரவேண்டும் அல்லவா? அப்பாவும் வந்தார், நானும் வந்தேன். ஒரே கிணற்றுமேட்டில் தலை முழுகினோம், பேசவில்லை. பந்தியில் என் வரிசையிலேயே, ஒரு இலை தள்ளி உட்கார்ந்தார். பரிமாறுகிறவன் என்னைத் தாண்டிப் போனபோது, என்னைப் பார்க்காமல், இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவனுக்கு ரசம் ஊத்து. சோத்த வெறும்னே பெசஞ்சுகிட்டு இருக்கறான்."

ரசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். வரிசையில் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. பாதியில் எழுந்தவன் நான் ஒருவன்தான். கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராசண்ணன் பேசியதிலிருந்து அந்த இலைதான் கண்ணில் நிற்கிறது. அவர் அடுத்து என்ன சொல்லியிருப்பார்? மோட்டாரைப் போட்ட அன்றைக்கு, தண்ணீர் பாய்ந்து முடிந்து, மோட்டாரை நிறுத்திய பிறகு? தறிக்காரர்கூட நூல் தீர்ந்ததும் தறியை நிறுத்தித்தானே ஆகவேண்டும்? எழுதினவர் அதற்கு முன்பே புத்தகத்தை முடித்துவிட்டார். நானும் முன்பே பஸ் ஏறிவிட்டேன். உனக்கு இது எங்கேயாவது தோன்றியதா? தோன்றித்தான் என்னை அனுப்பினாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

உன்மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. தீரும் என்று உனக்கு எழுதித் தரவும் மாட்டேன்.

பையில் நீ பாதியில் விட்ட ஒரு தடிப் புத்தகம் இருந்தது. சுங்கச்சாவடிச் சீட்டை அடையாளம் வைத்திருந்தாய். ஊரைவிட்டுப் போன ஓட்டல் சமையல்காரர் கதை. அதை மட்டும் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல், நீ விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் படித்து முடித்தேன். உன் வண்டியில் இனி லோடு இல்லை, குமரேசா. கடைசி மூட்டையும் இறங்கிவிட்டது. அதனால் நிஜமான முடிவைச் சொல்லலாம், கேள். சமையல்காரர் திரும்பி வரவே இல்லை. மகள்தான் அவரைத் தேடிப் போகிறாள். யார் என்று சொல்லாமல் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்கிறாள். அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அவ்வளவுதான். நீ சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழவைத்துக் கெடுத்திருப்பாய்.

வரும் சனிக்கிழமை ஆலை வேலை முடிந்ததும் அப்பாவின் காட்டுக்குப் போகிறேன். எந்தக் கதையையும் நம்பிப் போகவில்லை. அவர் மோட்டாரைப் போட்டால் போடட்டும். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்து, அவரே வந்து சுவிட்சை அணைக்கும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். பஸ் போனால் போகட்டும். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், அதை ஒரு சொல் மாற்றாமல் உனக்குச் சொல்வேன். சத்தியம்.

கொண்டலாம்பட்டியிலேயே இறங்கிப் பழகிய
உன் பங்காளி,
மோகன்