ஓடுகிறவனை விடுவது

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். பாலத்துக்குக் கீழே தடுப்பு வைத்து வாகனச் சோதனை. சீட் பெல்ட் போடாதவர்கள் பதினாறு பேர், போன் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, "நான் பேசல சார், கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றார். என் கூட ரோந்து வரும் ரேடியோ நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தான். ரோந்து வண்டியை ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைப் பிடிப்பது அவன். ஆனால் அந்தப் பட்டப்பெயர் மைக்கால் வந்ததில்லை, ஓயாத வாயால் வந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறார். "உங்க சைரன் கேட்டா எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னே தெரியல. பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க" என்றார். "இடது பக்கம்" என்றேன். முறைத்தார்.

மார்ச் 6, வியாழன்

ஒரு அம்மாவுக்கு அடிபட்டுவிட்டது. என்னால. என்னாலயா? எழுத முடியல.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பதினொன்று. சலவைக்கடை வேன் ஒன்று தடுப்புக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தது. ரேடியோ கை காட்டினான். நிற்பதுபோல் வந்து, சட்டென்று ஒடித்துத் திருப்பி, எதிர்த்திசையில் பறந்தது. நான் யோசிக்கவே இல்லை. சைரனைத் தட்டினேன், கிளம்பினேன். கடைவீதி, ரவுண்டானா, பள்ளிக்கூடத் தெரு. அவன் வேகமெடுக்க நானும் எடுத்தேன். வளைவில் வேன் நடைபாதையில் ஏறி, பேருந்து நிழற்குடையின் தூணில் மோதி நின்றது. அங்கே பேருந்துக்குக் காத்திருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டு சிதறி ரோடெல்லாம் பறந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

வேனில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கீறல்கூட இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, "கண்ணு சரியா தெரியாதும்மா. லைசென்ஸ் புதுப்பிக்கிற கண் டெஸ்ட்ல ரெண்டு தடவை பெயில். அது முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு..." என்று அழுதார்.

கண் தெரியாதவரைத்தான் நான் நெரிசலுக்குள் விரட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. அதை எழுதாமல் தூங்க முடியாது. முதல் நிமிடத்திலேயே வண்டி எண்ணை ரேடியோ மைக்கில் இரண்டு முறை சொல்லிவிட்டான். அது போதாதென்று வேனின் பக்கவாட்டில் சலவைக்கடையின் பெயர், விலாசம், போன் நம்பர், எல்லாம் ஆள் உயர எழுத்தில். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அப்புறம் எதுக்கு துரத்தினே? சொல்லு. விட்டா நம்மள மதிக்க மாட்டான்னு. அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

வாக்குமூலம். எழுதுவதற்கு முன் ரேடியோ வராந்தாவுக்கு அழைத்துப் போனான். "அக்கா, நம்ம வேகம் அறுபதுன்னு போட்டுடுங்க. முள்ளைப் பார்த்தது நாம ரெண்டு பேர்தான்."

தொண்ணூற்று நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, தப்பு வேன்காரன் மேலதானே? உன்னை யாரு இவ்வளவு விவரமா கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அதனால்தான்.

மார்ச் 12, புதன்

விசாரணை முடியும்வரை வண்டி ஓட்டக்கூடாது. பதிவேட்டு அறையில் வேலை. ரேடியோவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் வாயை அடைக்க ஸ்டேஷனே ஆறு வருஷமாக முயன்றது. நான் சாதித்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

சீருடை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். டீச்சரின் கால் மேலே கட்டித் தொங்கியது. மடியில் பலகை, அதன்மேல் அதே விடைத்தாள்கள். சில தாள்களில் டயர் தடம்.

யார் என்று சொன்னேன். அவர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார்.

"சைரன் கேட்டுச்சு. பின்னாடி நகர்ந்து நின்னேன். பின்னாடிதான் தூண்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கால் கூடிடுமா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

எழுந்தபோது கேட்டார்: "இப்படி வருஷத்துக்கு எத்தனை நடக்குது?"

தெரியாது என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா!"

மார்ச் 18, செவ்வாய்

எனக்கே தெரியாது. உட்கார்ந்திருப்பதோ பதிவேட்டு அறையில்.

ஏப்ரல் 2, புதன்

மூன்று வருட ரோந்துப் பதிவேடுகளைப் பார்த்து முடித்தேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது.

தப்பி ஓடியவர்களைத் துரத்தியது நாற்பத்தொரு தடவை. ஒன்பது தடவை விபத்து. அடிபட்டவர்கள் பதினான்கு பேர், இறந்தவர்கள் இரண்டு பேர். பதினாலில் எட்டுப் பேர் ஓடிய வண்டியிலும் இல்லை, துரத்திய வண்டியிலும் இல்லை. சும்மா ரோட்டில் இருந்தவர்கள்.

முப்பத்து மூன்று தடவை, முதல் நிமிடத்திலேயே வண்டி எண் நம் கையில்.

ஏன் ஓடினார்கள்? திருட்டு வண்டி மூன்றுதான். மற்றதெல்லாம் லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது, குடித்திருந்தார்கள். ஒருவன் அப்பாவுக்குத் தெரியாமல் காரை எடுத்தவன்.

ஏப்ரல் 5, சனி

டீச்சரிடம் காட்டினேன். இப்போது வீட்டில் இருக்கிறார், நடைச்சட்டம் பிடித்து நான்கு அடி நடக்கிறார். உள்ளே விடுவாரோ மாட்டாரோ என்று வாசலிலேயே நின்றேன். "காத்து வருது, கதவைச் சாத்துங்க" என்றார். அதையே வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் போட்டிருந்த பட்டியலைச் சிவப்பு மையால் திருத்தினார். "ஏன் இருபத்திரண்டு சதவீதம்னு போட்டீங்க? நாப்பத்தொண்ணுல ஒன்பதுன்னு போடுங்க. சதவீதம் போட்டா ஆள் மறைஞ்சிடும்."

பிறகு கடைசி வரியைத் தட்டினார். "இந்தப் பதினாலாவது ஆள் நானா?"

ஆமாம் என்றேன். பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டார்.

ஏப்ரல் 9, புதன்

இன்ஸ்பெக்டரிடம் பட்டியலையும், கூடவே ஒரு யோசனையையும் எழுதிக் கொடுத்தேன். வண்டி எண் கிடைத்துவிட்டால் துரத்தக்கூடாது. சைரனை அணைக்க வேண்டும், முன்னால் இருக்கும் சந்திப்புகளுக்குச் சொல்ல வேண்டும், மறுநாள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆள் கடத்தல், ஆயுதம், இந்த மாதிரி உயிர்ப் பிரச்சினை என்றால் மட்டும் விதிவிலக்கு.

"குடிச்சிட்டு ஓட்டுறவனை விட்டுட்டா? காலைல போதை தெளிஞ்சு குளிச்சு முழுகி சாமியார் மாதிரி நிப்பான். என்ன கேஸ் போடுவே?"

நியாயமான கேள்வி. "குடிச்சவனைத் துரத்தினா அவன் இன்னும் மோசமா ஓட்டுவான் சார். நிக்காம போனதுக்குக் கேஸ் இருக்கு" என்றேன்.

தாளைப் புரட்டினார். சிவப்புத் திருத்தங்களைப் பார்த்து, "யாரு இது, மார்க் போட்டிருக்காங்க?" என்றார்.

அடிபட்டவர் என்றேன். தாளை மூடவில்லை. மெதுவாக முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

ஏப்ரல் 23, புதன்

விசாரணை முடிவு: எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, ஒரு பதவி உயர்வு தள்ளிவைப்பு. திரும்ப வண்டி ஓட்டலாம்.

இந்தத் துரத்தாத முறையை நம் ஸ்டேஷனில் மட்டும் மூன்று மாதம் முயன்று பார்க்க மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார் இன்ஸ்பெக்டர். "சொதப்பினா என் தலைதான் உருளும். ஞாபகம் வெச்சுக்கோ."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதவி உயர்வு?" என்றார். தள்ளிப் போய்விட்டது என்றேன். "சரி, இடது பக்கம் ஒதுங்கி நிப்போம்" என்றார். ஒன்றரை மாதம் கழித்து இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மே 6, செவ்வாய்

முதல் ஆள். வெள்ளைக் கார், தடுப்பை ஒடித்துக்கொண்டு பறந்தது. எண்ணைச் சொன்னோம். சைரனை அணைத்து ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினையும் அணைத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "என்ன மேடம், பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

ரேடியோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தனக்குள் முணுமுணுத்தான். "மானம் போகுது."

மே 7, புதன்

காலை ஏழு மணிக்கு அந்த முகவரிக்குப் போனோம். வாசலிலேயே வெள்ளைக் கார், முன்பக்கத்தில் நம் தடுப்பின் மஞ்சள் பெயின்ட். மணி அடித்தோம். இடுப்பில் துண்டு, தலை முழுக்க ஷாம்பு நுரையோடு ஒருவன் கதவைத் திறந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. நுரை கண்ணில் இறங்க, அப்படியே நின்றான்.

"கழுவிட்டு வாங்க, அவசரமில்ல" என்றான் ரேடியோ.

உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல்: "யாருங்க அது?"

"ஒண்ணுமில்ல, போலீஸ்" என்றான் அவன்.

ஒண்ணுமில்ல, போலீஸ்! ரேடியோ ஸ்டேஷன் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறான் என்பதை வளைவில் திரும்பும்போதுதான் கவனித்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

மே 19, திங்கள்

போலி எண். விலாசத்தில் ஒரு பல் டாக்டர், கார் ஓட்டவே தெரியாதவர். ஓடினவன் ஓடினவன்தான்.

மே 20, செவ்வாய்

போகட்டும். நேற்று அந்த வழியில் யாருக்கும் அடிபடவில்லை. இதை எந்தப் பத்தியில் எழுதுவது? பதிவேட்டில் அதற்கு இடமே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

சலவைக்கடை வேன்காரரைப் பார்க்கப் போனேன். வழக்கு நடக்கிறது. இனி வண்டி ஓட்ட முடியாது. கடைக்காரர் வேலையை விட்டு அனுப்பவில்லை, இஸ்திரி மேசையில் நிற்க வைத்திருக்கிறார். தடவித் தடவியே மடிப்புப் பிடிக்கிறார், கோடு பிசகவில்லை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றாம்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கடைக்காரர் இந்த வேலையைக் குடுத்திருப்பாரும்மா. பயந்துட்டேன்."

நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டீச்சரைப் பார்க்க அவர் இன்னும் போகவில்லையாம். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்வது முறையா? முதலில் டீச்சரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார். சரி என்றேன்.

ஜூன் 26, வியாழன்

டீச்சர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார், ஊன்றுகோலோடு. ஒன்பதாம் வகுப்புக்கு நிற்கும் தூரம் பற்றிக் கணக்குப் போட்டிருக்கிறார்: தொண்ணூற்று நாலு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும்? விடையை எனக்கும் அனுப்பினார். நான் நினைத்ததைவிட ரொம்ப அதிகம்.

அந்த எண்ணை ஏன் எடுத்தார் என்று கேட்கவில்லை. என் வாக்குமூலத்தைப் படித்திருக்கிறார்.

ஜூலை 23, புதன்

மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. கணக்கெடுக்க என்னைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். பத்துப் பேர் ஓடியிருக்கிறார்கள், எட்டுப் பேரை வீட்டிலேயே பிடித்தோம். அடிபட்டவர் யாருமில்லை. மதியம் வரைக்கும் இதுதான் கணக்கு.

மூன்றரை மணிக்குப் பதினோராவது ஆள். நீலக் கார். ரோந்து வண்டியில் இன்று ரேடியோதான் ஓட்டுநர். திரையில் பார்த்துக்கொண்டே மைக்கை எடுத்தேன், துரத்தாமல் நிறுத்தச் சொல்ல. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் குரல்: "எண் கெடச்சுடுச்சு. சைரனை அணைச்சிட்டோம், ஓரமா நிக்கிறோம். இனி நீங்க பாருங்க."

கேமராவில் நீலக் காரைப் பின்தொடர்ந்தோம். முதல் தெருவில் கண்மண் தெரியாத வேகம். இரண்டாவது தெருவில் ஒருமுறை பிரேக் விளக்கு எரிந்தது. பின்னால் யாரும் இல்லை என்று பார்த்திருப்பான். மூன்றாவது சந்திப்பில் சிவப்பு.

நின்றான்.

பள்ளி விட்ட நேரம். கோட்டுக்கு முன்னால் ஆட்கள் கடந்துபோனார்கள். எண்ணினேன், பதினொரு பேர். கடைசி ஆள் தள்ளுவண்டிக் குழந்தையோடு மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

அந்தச் சந்திப்பில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடந்தே போய், கார்க் கண்ணாடியை விரலால் தட்டினார்.