ஆமை அறையின் ஊதா வெளிச்சம்

22 ஜூன் 97, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பாலக்காட்டுக் காற்று. கொடியில் போட்ட துணி இன்னும் ஈரம்.

மூலை அறை டியூப்பைத் துடைத்தேன். ஈரத்துணி ஆகாது, பழைய பனியன் துணிதான். என் தலையோடு மில்லிலிருந்து வரும் பஞ்சுத் தூசியே பாதி இருக்கும். ஸ்டார்ட்டர் மாற்றியாயிற்று. துடிப்பு நின்றுவிட்டது. பின்னால் அப்பாவின் தறிகள் ஓடும்போது மட்டும் கொஞ்சம் மங்கல்.

மதியம் சிங்கப்பூரிலிருந்து தம்பி செந்தில் போன். எல்லோரும் நலம். பிறகு,

“அக்கா, அந்த டியூப்ப மாத்திட்டியா?”

“நல்லாத்தான்டா எரியுது.”

“எரியறது கணக்கில்லக்கா. ஆறு மாசத்துல அதுல அல்ட்ராவயலட் தீந்துரும். அப்பறம் சும்மா வெளிச்சந்தான், ஆமை ஓட்டுக்கு ஆகாது. தை மாசம் போட்டது. ஸ்பேர் ஒண்ணு குடுத்துட்டுத்தான வந்தேன்.”

மாற்றுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஸ்பேர் இல்லை. அவன் சிங்கப்பூர் திரும்பிய மறுவாரம், ஃபிட்டிங்குக்கு அளவு காட்ட அப்பா அதை ஸ்கூட்டரில் எடுத்துப்போனார். சூலூர் வளைவில் விழுந்தார். கையும் ஒடிந்தது, டியூப்பும் உடைந்தது. அம்மாவுக்குக் கை மட்டும் நினைவிருக்கிறது. செந்தில் கொண்டுவந்த ஆமை வீட்டுக்குள் நுழைந்ததால்தான் இப்படி என்பது அவள் கட்சி. போன வருடமும் அதே வளைவில்தான் விழுந்தார். அப்போது ஆமை இல்லை. சொன்னால் கேட்கமாட்டாள்.

ஆமை என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. “சிங்கப்பூரு தின்னுச்சா?” என்றுதான் கேட்பாள். நானும் இனி சி. என்றே எழுதப் போகிறேன். எங்கேயாவது திறந்து கிடந்தால் யார் கண்ணிலாவது படும்.

வாசலில் வைத்தால் வெயில் தாராளம். ஆனால் தெரு பார்க்கும். ஆமை இருக்கும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? எனக்கு முப்பத்தொன்று. அதனால் சி. க்கு மூலை அறை, ஜன்னலில் நியூஸ்பேப்பர், டியூப்லைட் சூரியன்.

24 ஜூன், செவ்வாய்

மில். இருட்டறையில் நூல் கோன் பார்த்தேன். மூன்று பேல் (பொதி) பஞ்சு கலந்துவிட்டால் பகலில் எல்லாம் ஒரே வெள்ளை. அல்ட்ராவயலட் விளக்குக்குக் கீழே வைத்தால் ஒன்று நீலமாக, ஒன்று மஞ்சளாகக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று ஒரு மூட்டையில் நாலு கோன் கலப்படம். சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த விளக்கின் டியூப்பை ஃபிட்டர் ரங்கசாமி அண்ணன் மாற்றிக்கொண்டிருந்தார். கழற்றியது நன்றாகவே எரிந்தது. எனக்கு அப்போதுதான் தோன்றியது. அல்ட்ராவயலட்தானே. இத்தனை வருடமாக என் மேசை மேலேயே இருந்திருக்கிறது.

“அண்ணா, அது எனக்கு வேணுமுங்க.”

“ஊட்லயும் கோன் பாக்கறீங்களா அம்மணி?”

“ஆமாங்கண்ணா. வேற வேலையில்ல.”

சிரித்துக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். சூலூர் பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வாங்க: கீரை. மண்புழு (தோட்டத்தில் தோண்ட வேண்டும்). ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது.

27 ஜூன், வெள்ளி

மில் டியூப் அதே ஃபிட்டிங்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. அறை முழுக்க ஊதா. என் வெள்ளை ரவிக்கை பளிச்சென்று மின்னுகிறது. பழைய டியூப்பில் இப்படி மின்னியதே இல்லை. இதுதான் வேலை செய்கிறது என்று ஒரு திருப்தி.

அம்மா எட்டிப் பார்த்தாள். “கோயிலாட்டம் இருக்குது” என்றாள். சி. பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

சி. பேசினில் போட்ட கல் மேல் ஏறவில்லை. புது வெளிச்சம் பழகவில்லை போல.

ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைப் பக்கமிருந்து வருகிறார்கள். தென்னந்தோப்பு, ஒரே பையன். ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டுமாம்.

29 ஜூன், ஞாயிறு

வந்தார்கள். ஏழு பேர். மைசூர்பாகு, மிக்சர், காபி. பச்சைப் பட்டு.

மாப்பிள்ளை பெயர் தங்கவேல். மற்றவர்கள் கேட்டது எல்லாம் வழக்கமானது: சமைப்பாயா, வேலையை விடுவாயா. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மில்லுல என்ன பாக்கறீங்க?”

“நூலு கலந்திருக்குதான்னு பாப்பேங்க.”

“கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“சொல்லிருவேங்க.”

“யாருக்கும் புடிக்காதே.”

“புடிக்காதுங்க.”

சிரித்தார். பிடித்திருந்தது. அதை இங்கே எழுதிவைப்பதில் தப்பில்லை.

கிளம்பும் நேரத்தில் அவருடைய அம்மா மூலை அறைக் கதவைப் பார்த்து நின்றுவிட்டார். கதவடியில் ஊதா வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. லைட்டை அணைக்க மறந்தது நான்தான்.

“ஏனுங்க, அது என்னங்க வெளிச்சம்?”

அம்மா கண் இமைக்கவில்லை. “சாமி ரூமுங்க.”

உடனே அந்தம்மா செருப்பில்லாத கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி, கதவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்நேரம் பார்த்து சி. கல்லிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. தொளக்.

“தீர்த்தமுங்களா?”

“அபிசேகத் தண்ணி சொட்டுதுங்க” என்றாள் அம்மா.

அப்பா திரும்பி நின்று காலண்டர் பார்த்தார். எனக்குத் தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

2 ஜூலை, புதன்

தரகர் போன். அவர்களுக்குச் சம்மதம். 13ஆம் தேதி வந்து பூ வைத்துவிட்டுப் போவார்களாம். “சாமி ரூமுல அவ்வளவு பக்தியா வெளக்குப் போட்டு வெச்சிருக்கற குடும்பம்” என்று ஆனைமலையில் பேச்சாம். அம்மா முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் சி. யைக் கையில் எடுத்தேன். ஓட்டின் ஓரம் கட்டைவிரலுக்கு அமுங்குகிறது. ஊறிய அப்பளம் போல. முன்பு இப்படி இல்லை. கீரையும் அப்படியே கிடக்கிறது.

டியூப்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினேன்.

5 ஜூலை, சனி

அரை நாள் லீவு. ஒயர் கூடையில் துண்டு விரித்து, சி. யை வைத்து, மேலே கத்தரிக்காய் பரப்பி, டவுன் பஸ். பக்கத்து சீட்டு அம்மா கத்தரிக்காய் எங்கே வாங்கினேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கத்தரிக்காய் ஒருமுறை அசைந்தது. அவர் பார்க்கவில்லை.

டாக்டர் மாட்டு வைத்தியம், நாய் வைத்தியம் பார்ப்பவர். ஆமை அவருக்கு இரண்டாவதாம். ஓட்டை அமுக்கிப் பார்த்தார்.

“வெயில்ல வெக்கறீங்களா?”

“வெயில் இல்லீங்க. அல்ட்ராவயலட் டியூப் போட்டிருக்கறேன்.”

“எங்க வாங்கினது?”

சொன்னேன். கோன் பார்ப்பது, நூல் மின்னுவது, எல்லாம். பாதிப் பெருமையாகத்தான் சொன்னேன்.

“அது வேற அல்ட்ராவயலட்டுங்க. அதுலயே ரெண்டு மூணு ரகம் இருக்குது. நூல மின்ன வெக்கறது ஒண்ணு. ஓட்டுக்கு வேணுங்கறது இன்னொண்ணு. உங்க டியூப்ல அது கெடையாது. நீங்க ஊதா வெளிச்சத்தத்தான் காட்டிட்டிருந்தீங்க.”

சுண்ணாம்புச் சத்து மருந்து எழுதினார். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் ஓடு) வாங்கித் தண்ணீரில் போடச் சொன்னார். தினமும் நேர் வெயில். கண்ணாடி ஜன்னல் வழியாக வந்தால் பிரயோஜனமில்லை. பேசினில் பாதிக்கு நிழல் வேண்டும், சூடு தாங்காவிட்டால் அது ஒதுங்கிக்கொள்ள. சீக்கிரம் என்றார். இன்னும் கொஞ்சம் போனால் தலையைத் தூக்காதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் வேறெதுவும் ஓடவில்லை. கலப்படம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பெயர் ஒன்றாக இருந்ததும் இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டிருக்கிறேன். மின்னியதைப் பார்த்து மயங்கிவிட்டேன். மில்லில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விட்டிருப்பேனா.

6 ஜூலை, ஞாயிறு

செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பேர் உடைந்தது முதல். யாராவது ஊருக்கு வந்தால் புது டியூப் கொடுத்தனுப்புகிறானாம். அதுவரைக்கும் வெயில்தான் என்றான்.

வெயில் எங்கே. வானம் மூடியே கிடக்கிறது. பின்பக்கம் தறிக்கொட்டகை. கூரை சிமெண்ட் ஷீட், ஏற வழியில்லை. திறந்த இடம் வாசல் ஒன்றுதான்.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“பதிமூணாந்தேதி போவட்டும் கண்ணு. அப்பறம் நடுரோட்டுல வேணாலும் வை.”

“அதுக்குள்ள செத்துரும்மா.”

“உனக்கு எத்தன இடம் தட்டிப்போச்சுன்னு நெனச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தேன்.

9 ஜூலை, புதன்

தூறல். கடல்நுரை தண்ணீரில் மிதக்கிறது. சி. தொடவில்லை.

மில்லில் புது ஏர்ஜெட் மெஷின் பார்க்க ஆட்கள். கேண்டீனில் கேசரி. ஜாக்கெட் கை இறுக்கம், திருப்பிக் கொடுத்தேன்.

காலை ஐந்து நிமிடம் வெயில் அடித்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். என் மேல் பட்டு என்ன ஆகப்போகிறது என்று எரிச்சல் வந்தது.

11 ஜூலை, வெள்ளி

தரகர் மறுபடி போன். ஞாயிற்றுக்கிழமை முதலில் சாமி ரூமில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே வைத்துப் பூ வைக்கலாம் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆசையாம்.

வீட்டில் அமளி. அம்மாவின் திட்டம்: மூலை அறையைக் கழுவி, முருகன் படம், மாசாணியம்மன் படம், குத்துவிளக்கு. ஊதா டியூப் அப்படியே இருக்கட்டும். சி. பேசினோடு தறிக்கொட்டகைக்குப் போகட்டும், நூல் பெட்டிகளுக்குப் பின்னால்.

“அங்க இருட்டும்மா. சத்தத்துல நடுங்கிரும்.”

“ஒரு நாளைக்குத்தான அம்மணி.”

அப்பா சொன்னார்: “அன்னைக்குத் தறிய நிறுத்திப்போடறேன்.” அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ராத்திரி சி. யைக் கையில் வைத்துப் பார்த்தேன். கழுத்தை வெளியே விட்டபடி கிடக்கிறது. தொட்டால்கூட உள்ளே இழுக்கவில்லை. அழுதேன். ஒரு ஆமைக்காக இவ்வளவு அழுவேன் என்று நினைக்கவில்லை. ஆமைக்கு மட்டும்தானா என்றும் தெரியவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

விடிந்தபோதே வானம் சுத்தம். ஒரு மேகம் இல்லை. ஏழு மணிக்கு வாசல் சிமெண்ட் காலில் சுட ஆரம்பித்தது.

பட்டுக் கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு எல்லாம் ஆயிற்று. மூலை அறையில் முருகன் ஊதா நிறத்தில் இருந்தார். கொட்டகைக்குப் போனேன். பேசினைத் தூக்கினேன். பின்வாசல் வழியாகச் சுற்றாமல் வீட்டுக்குள்ளேயே நடந்து வாசலுக்கு வந்தேன். ரவிக்கையெல்லாம் தண்ணீர். கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதிக்கு முறம் சாய்த்து நிழல். காக்கா வரும் என்று பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அம்மா கதவருகே வந்தாள். திட்டவில்லை. “வேன் வந்துருச்சு சாமி” என்றாள்.

இறங்கினார்கள். தாம்பாளம், பூ, தேங்காய். எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேசின் அருகே வந்து குனிந்தார். அவர் நிழல் முழுதும் சி. மேல் விழுந்தது.

“இது என்னங்க?”

“அந்த ரூமுல இருந்தது இதுதானுங்க. சாமி இல்லீங்க. ஓடு மெத்துனு ஆயிருச்சு, வெயில் காட்டோணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழல் உழுகுது.”

தள்ளி நின்றார். முகம் மாறிவிட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். அதுதான் வருத்தம்.

உள்ளே வந்து தண்ணீர் மட்டும் குடித்தார்கள். “ஊட்ல கலந்துட்டுச் சொல்றோமுங்க.” வேனில் ஏறும் முன் மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், கேட்கும்படியாகத்தான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. அது ஊட்டுக்குள்ள இருந்தா ஆகாதுங்க. உங்க ஊட்டுக்காரருக்குக் கை ஒடஞ்சதாமா.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஆமை ஆறு மாசமா இங்கதானுங்க இருக்குது” என்றாள். “அது ஒண்ணும் பண்ணுலீங்க. அவுருக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க.”

அப்பா பக்கத்தில்தான் நின்றார். “ஆமாங்க” என்றார்.

வேன் போய்விட்டது. தாம்பாளம் கொண்டுவந்தது போலவே திரும்பிப் போயிற்று.

15 ஜூலை, செவ்வாய்

வெயில். தரகர் போன் இல்லை. வராது.

மில் டியூப்பை ரங்கசாமி அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். ஜாக்கெட் வாங்க வேண்டும், கை சரியாகிவிட்டதாம்.

காலையில் குளித்துவிட்டு வந்தபோது மூலை அறை காலி. வாசலுக்கு ஓடினேன். பேசின் வெயிலில், முறம் சாய்த்தபடி. அம்மா முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கு வெளியே நின்று கேட்கிறாள்.

“என்னுங்க்கா அது?”

“ஆமை” என்றாள் அம்மா. “பாத்தாத் தெரியலயா.”

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. கீரை ஒரு இலை குறைந்திருந்தது.