பத்து நாள் ஊசி

வெள்ளோடைக்குப்பம், பழவேற்காடு.
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்வரி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வீடும் நன்றாக இருக்கிறது, மழைக்கு முன்னால் பின்பக்கத்து ஷீட்டை மட்டும் மாற்ற வேண்டும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போனில் "இருக்கேன்" என்கிறீர்கள். இரண்டு வருஷமாக அதே பதில்தான். காகிதத்தில் கேட்டால் கொஞ்சம் நீளமாகப் பதில் வருமா என்று பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உங்கள் ரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ரூமில் ஆறு பேர் படுத்திருக்கிறீர்கள், நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, சாப்ட்டியா, வெச்சிர்றேன்" என்று முடிந்துவிடுகிறது. மணிகண்டன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவன் வியாழக்கிழமை உங்கள் கேம்ப்புக்கே திரும்பிப் போகிறான். அவன் கையில் நெத்திலிக் கருவாடும் இட்லிப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டையும் கடிதத்தையும் ஒரே பையில் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். அவன் போட்டுத்தான் கொண்டுவருவான். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசிவரை படியுங்கள்.

முதலில் அந்த ஊசி விஷயம். கம்பெனி உங்களை மஸ்கட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு, கானாவுக்கு, கப்பல் ரிப்பேர் வேலைக்கு அனுப்பப்போகிறது, இரண்டு வருஷம், ஆடி முடிந்ததும் கிளம்ப வேண்டும், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட கார்டு இல்லாமல் அந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள் என்று சொன்னீர்கள். கேம்ப் பக்கத்து கிளினிக்கில் அந்த ஒரு ஊசிக்கு அநியாயத்துக்குக் கேட்கிறான், கம்பெனியும் உன் செலவு என்று கையை விரித்துவிட்டது என்றீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஊசியே போடாமல் சீல் மட்டும் அடித்து மஞ்சள் கார்டு வாங்கித் தர ஒருத்தன் இருக்கிறான், பாதிக் காசில் முடித்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள் பாருங்கள், அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கொசுவுக்குப் படிக்கத் தெரியுமா மாமா? கார்டை எடுத்து நீட்டினால் கடிக்காமல் போய்விடுமா? இத்தனை வெல்டிங் நெருப்புப் பொறியில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஒரு ஊசி முனைக்குப் பயமா, காசுக்குப் பயமா என்று யோசித்து யோசித்து, சரி, நம் ஊரில் இந்த ஊசி எங்கே போடுகிறார்கள் என்று விசாரிப்போம் என்று கிளம்பினேன்.

எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் கவிப்பிரியாவின் தம்பி கப்பல் வேலைக்குப் போகிறவன். அவன்தான் சொன்னான், கிண்டியில் அரசாங்கமே போடுகிறது என்று. உங்களிடம் சொன்னால் வேண்டாம் என்பீர்கள். அதனால் சொல்லவில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, உங்கள் பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு, போன புதன்கிழமை பொன்னேரியில் ரயில் ஏறினேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். கவரைப்பேட்டையில் ஏறி வந்தவளாம், என் வயசுதான் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மீஞ்சூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவள் போல, கையில் எண்ணெய்க் கறை போகவில்லை. யார் என்ன என்று தெரியாது. கொருக்குப்பேட்டை வரைக்கும் நான் அசையவில்லை. எழுந்ததும் அவள் "சாரிக்கா, எழுப்பி உட்ருக்கலாம்ல" என்றாள். பரவாயில்லை, தூங்கு என்றேன். அவள் இறங்கிப் போன பிறகும் அந்தத் தோள் கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது, நீங்கள் உப்புப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறி, கிண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல கூட்டம். கப்பல் பையன்கள், படிக்கப் போகிறவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் நர்ஸம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார், "மாசமா இருக்கியாம்மா? கொழந்தைக்குப் பால் குடுக்கினு இருக்கியா?" என்று. மாசமாக இருந்தால் இந்த ஊசி சாதாரணமாகப் போட மாட்டார்களாம், அதனால் வருகிற எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான் அது. எனக்குத்தான் பதில் சொல்ல நேரமாகிவிட்டது. இல்லை என்றேன். "அப்ப போட்டுக்கலாம், கைய நீட்டு" என்றார். எனக்கு இல்லம்மா, எங்க ஊட்டுக்காரருக்கு என்றதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "அவரு கைய நீ எடுத்தாந்தியா?" என்றார். பின்னால் நின்ற பையன்களும் சிரித்தார்கள். கோயிலில் உங்கள் பேருக்கு நான் அர்ச்சனை செய்துவிட்டு வருகிற மாதிரி, ஜெராக்ஸைக் கொடுத்து உங்கள் பேருக்கு டோக்கனாவது போட்டுவிட்டு வரலாம் என்று நான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவ்வளவு புத்தி எனக்கு.

நல்ல மனுஷி. ஓரமாக உட்கார வைத்து எல்லாம் சொன்னார். ஆள் நேரில் வர வேண்டும், ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும், முன்கூட்டியே நாள் பதிந்துகொள்ள வேண்டும். காசு உங்கள் கிளினிக்காரன் கேட்பதில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது. ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டுமாம். உங்களுக்கு ஒரு தட்டு ஆம்லெட் பத்தாது என்று சொன்னேன். போலிக் கார்டு கதையையும், யாரோ ஒருத்தருக்கு என்று சொல்லி, கேட்டுவிட்டேன். அந்த யாரோ யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கானாவிலிருந்து திரும்பி நம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாலும் இந்தக் கார்டைத்தான் கேட்பார்களாம், சரியாக இல்லாவிட்டால் வீட்டுக்கு விடாமல் தனியாக அடைத்து வைப்பார்களாம். "காய்ச்சல் வந்தா கார்டா வந்து காப்பாத்தும்? இட்டாந்து வுடும்மா, நான் போட்டு அனுப்புறேன்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அந்தக் கார்டு செல்லுமாம். அதுவரை பிளேன் ஏறக் கூடாது. நான் மறுபடி கேட்டேன். பத்து நாளா என்று. ஆமாம், பத்து நாள், சட்டமே அப்படித்தான் என்றார். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை, பொன்னேரி வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

வருகிற டிக்கெட்டுக்கும் நீங்கள் காசு போட வேண்டாம். லீவ் டிக்கெட் கம்பெனி தருவது, நீங்கள்தான் வாங்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று மணிகண்டன் உளறிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். கம்பெனிக்காரன் லீவே கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று நீங்கள் என்னிடம் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. காலையில் மெயின் ரோட்டுக்கு கம்பெனி வேன் வருகிறது, கும்மிடிப்பூண்டி போய் டப்பாக்களை அடுக்கிவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இருந்தால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். காசுக்காக இல்லை, அங்கே பேச்சுச் சத்தம் இருக்கிறது. இன்றைக்கு ஓ.டி. இல்லை, அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம். நீங்கள் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்த நாட்களில் சாயந்தரம் சைக்கிள் சத்தம் கேட்டதும் அத்தை "வந்துட்டான், சோத்தைப் போடு" என்பார்கள். இப்போது மீன்காரம்மா என் வாசலில் கூடையை இறக்குவதே இல்லை. ஒருத்திக்கு எதற்கு என்று நடந்துகொண்டே இரண்டு மீனைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். தனியாக இருக்கிறது மாமா. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நான் கவனிக்காமல் இல்லை. வீடியோ காலில் நான் வாசலில் நின்றால் பேசுகிறீர்கள். போனை வீட்டுக்குள் திருப்பினால் சார்ஜ் இல்லை என்கிறீர்கள். அத்தை போன அன்றைக்குக் கம்பெனி உங்களை விடவில்லை, நீங்கள் போனிலேயே எல்லாம் பார்த்தீர்கள், லோகநாதன் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். ஊரில் ஒருத்தரும் அதை ஒரு குறையாகப் பேசவில்லை. பேசினால் நான் சும்மா விட்டிருப்பேனா? கடைசி நாட்களில் அத்தை உங்களைக் கேட்டார்கள், அழவில்லை, "வேலைக்குப் போய்க்கினு இருக்கான், வருவான்" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கட்டிலை நான் எடுக்கவில்லை. இப்போது அதில் நான்தான் படுக்கிறேன். உள்ளே வந்தால் அது உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

இனி முக்கியமான விஷயம். ஆடியில் நம் கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை கட்டி, மறு ஞாயிறு கூழ் ஊற்றி அவிழ்ப்பது. வகையறாவுக்கு ஒரு ஆள் கட்டிக்கொள்ள வேண்டும். நம் வகையறாவுக்கு இத்தனை வருஷம் லோகநாதன் சித்தப்பா கட்டினார். அவருக்கு முட்டியில் ஆபரேஷன், ஈரத் துணியோடு எல்லையைச் சுற்றி வர முடியாது. போன வாரம் ஊர்க் கூட்டத்தில் தலைவர் சடையப்பன் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். "இன்னாம்மா ஈஸ்வரி, எழிலரசன் வர்றானா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு, பேரு சொல்லணும் அம்மனுக்கு" என்றார்.

வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் சொன்னேன். கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்ததால் கேட்காமல் சொன்னேன். அம்மன் முன்னால் கற்பூரம் காட்டி உங்கள் பேரைச் சொல்லியாகிவிட்டது, இனி வேறு ஆளை மாற்ற முடியாது. காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். அதனால் ஊசிக்குக் காப்புக்கு முந்தின நாளைப் பதிந்திருக்கிறேன், கவிப்பிரியாவின் தம்பி போனில் போட்டுக் கொடுத்தான். வியாழக்கிழமை கிண்டி, வெள்ளிக்கிழமை காப்பு. ஊசி போட்ட உடம்போடு காப்புக் கட்டலாமா என்று தலைவரைக் கேட்டேன். "அம்மன் அதுக்கெல்லாம் கோச்சிக்கினு போவ மாட்டா, புள்ள வந்தா போதும்" என்றார். லேசாகக் காய்ச்சல் வந்தாலும் வரலாம் என்று நர்ஸம்மா சொன்னார். வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறேன். ஊசிக்காரர் சட்டமும் அம்மன் சட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதற்கு மறுநாள் நீங்கள் கானாவுக்குப் போங்கள், நான் ஒரு வார்த்தை தடுக்க மாட்டேன். ஏர்போர்ட் வரை நானே வந்து அனுப்புகிறேன்.

நீங்கள் வராவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை நான்தான் கோயிலுக்குப் போய், எல்லோரும் பார்க்க, அவர் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுவும் முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உங்களிடம் எப்போது வருவீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, கேட்கத் தெம்பு இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

கங்கையம்மன் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவர், நேரத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இத்தனை நாள் ஏன் வரவில்லை, இப்போது ஏன் வந்தாய் என்று தெருவில் நாலு பேர் கேட்பார்கள். எங்கேயும் நிற்காதீர்கள். அங்கே ஊசி விலை ஜாஸ்தி, அதனால் வந்தேன் என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குள் வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள்
ஈஸ்வரி