வாப்பா அடக்கம் செய்த பித்தப்பை

கல்முனை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் றுஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம். வழக்கத்துக்காகச் சுகம் என்று எழுதவில்லை மகள், ஸ்கேன் ரிப்போட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஈரலில் இருந்த மூன்று கட்டியில் இரண்டைக் காணவில்லை, மற்றது பயறளவுக்குச் சுருங்கி வளராமல் கிடக்கிறதாம். எட்டு மாதத்துக்கு முன் என் முகத்தைப் பார்க்காமல் வாப்பாவோடு மட்டும் கதைத்த அதே டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். போனில் சொன்னால் நீ மெல்பேர்னில் அழ நான் இங்கே அழ அதிலேயே கதை முடிந்துவிடும், அதனால்தான் மாமி மகன் நளீம் அங்கே புறப்படுகிறான், கடிதம் கொண்டுவருவான் என்றதும் கொப்பியில் தாள் கிழித்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சொல்லவேண்டாம் என்று வாப்பா கெஞ்சினார், நான் சொல்லத்தான் போகிறேன். கல் என்று வெட்டி எடுத்த என் பித்தப்பையைப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோமே, அதில் புற்றுநோய் என்று ரிப்போட் வந்த அன்றே வாப்பா மிச்சத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மனித உடம்பிலிருந்து கழன்றதைக் குப்பைக்கு விடக்கூடாது, மண்ணில்தான் அடக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய், பள்ளிவாசல் மோதினார் அப்துல் ஹமீட்டைக் கொண்டு, மையத்துகளை அடக்கும் மையவாடி ஓரத்தில் குழி தோண்டி அடக்கியிருக்கிறார். கபுறுக்கு நடுவதுபோல் தலைமாட்டில் மீசான் கட்டை நடாதது ஒன்றுதான் குறை.

ஒன்றரை மாதம் கழித்து நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். நீ அங்கே ஆய்வுகூடத்தில் பார்க்கிற வேலையே இதுதானே, உடனே போன் எடுத்து, கட்டியின் திசுவில் ஹெர்-2 மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள், அது பெருகியிருந்தால் அதற்கென்று மருந்து இருக்கிறது என்றாய். அதைத்தான் அடக்கியாயிற்றே என்று வாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஓம் மகள், குடுத்திட்டன் என்றார். பிறகு நீ முடிவு வந்ததா என்று கேட்கும்போதெல்லாம் கரண்ட் போயிட்டு, சத்தம் விளங்குதில்ல என்று போனை வைத்தாரே, கரண்டும் போகவில்லை ஒன்றும் போகவில்லை. முதல் மருந்து ஏற்றியும் கட்டி வளர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மூன்று கிழமை மனிசன் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. திரும்பத் தோண்டலாமா என்று மோதினாரிடம் கேட்டிருக்கிறார். அது மண்ணோட மண்ணாப் போயிருக்கும் காலிதீன் காக்கா, அடக்கினதத் தோண்டப்படாது என்று அவர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்து, நாந்தான் உன்னக் கொன்றுபோட்டன் முனவ்வறா என்று அழுதார். நாற்பது வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்கு இரக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். அந்தக் கோபம்தான் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது.

ஏதும் மிஞ்சியிருக்குமா என்று கேட்க, அடுத்த நாள் காலையில் அவரையும் இழுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற கேதீஸ்வரி, காரைதீவுப் பிள்ளை, முழுக் கதையையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தது. ஐயா, நீங்க கொண்டுபோய் அடக்கினது மிச்சம்தான், நோய் இருந்த துண்டெல்லாம் மெழுகுக்குள்ள வச்சிருக்கம், வருசக்கணக்கா இருக்கும் என்று மேசை லாச்சியை இழுத்துக் காட்டியது. தீப்பெட்டியிலும் சின்ன வெள்ளைக் கட்டி, ஓரத்தில் என் இலக்கம். வாப்பா அதைத் தொட்டுப் பார்க்கவும் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதைச் சீவிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பழுப்புச் சாயம் நன்றாக ஏறி மூன்று பிளஸ், அதாவது மிகக் கூட என்று வந்தது. கலத்தின் வெளியே நின்று வளரச் சொல்கிற செய்தியை உள்ளே கடத்தும் ஒரு புரதம் இருக்கிறதாம், அதைச் செய்யும் மரபணு இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபதுக்கு மேல் பெருகிவிட்டதாம். பிழையான கலத்தை நிறுத்துகிற இன்னொரு மரபணுவும் பழுதாம். அதற்கென்று டொக்டர் தொடங்கிய ஊசி மருந்து அந்தப் புரதத்தின் மேல் போய் உட்கார்ந்து வாயை அடைக்கிறது. மார்புப் புற்றுக்குக் கொடுக்கிற மருந்து என்றதும் ஊருக்கு என்ன சொல்வது என்று வாப்பா கூச்சப்பட்டார். என்ட பொஞ்சாதி உசிரோட இருக்கா எண்டு சொல்லுங்க என்றேன். போன கிழமை எங்கள் வரிப்பத்தான்சேனை வயலில் நெல் வெட்டு மெசின் இறங்கியபோது வரம்பில் நின்று வேலை வாங்கியது நான்தான்.

இது நான் பிறக்கும்போது கொண்டுவந்த பழுது அல்ல, பித்தப்பைக்குள்ளேயே பிறகு வந்த மாற்றம். இரத்தத்தையும் சோதித்துவிட்டார்கள், அதனால் நீயும் தம்பி றிப்தியும் பயப்படவேண்டாம். ஆனால் பன்னிரண்டு வருடம் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு பெருஞ்சீரகத் தண்ணீர் குடித்துச் சமாளித்தேனே, அந்தப் பைத்தியக்காரத்தனம் உனக்கு வேண்டாம். வலது பக்கம் நொந்தால் அன்றே காட்டு. முற்றாகச் சுகம் என்று டொக்டர் சொல்லவில்லை, மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசியும் நிற்காது. நான் ஒவ்வொரு ஊசிக்கும் நல்ல சீலை உடுத்துத்தான் போகிறேன்.

ஸ்கேன் நல்லதாக வந்ததும் வாப்பா மெழுகுக் கட்டியையும் வாங்கி அடக்கப் போனார், அடக்கம் பாதியில் நிற்கக்கூடாதாம். அது இனி ஆராய்ச்சிக்குப் பயன்படும், நோயாளி சம்மதித்தால் வைத்துக்கொள்வோம் என்று ஆய்வுகூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நானே போய்க் கையொப்பம் வைத்தேன். யாரோ ஒருத்தி தன் கட்டியைப் படிக்கக் கொடுத்ததால்தானே எனக்கு இந்த மருந்து கிடைத்தது. அவள் யாரென்று தெரியாது, ஆனாலும் ஐந்து வக்துத் தொழுகையிலும் அவளுக்காகத் துஆக் கேட்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஈமானையும் தருவானாக. வாப்பாவை ஏசிவிடாதே மகள், அன்பில் செய்த பிழை அது. அடுத்த முறை போன் எடுக்கும்போது, வாப்பா, கரண்ட் இருக்கா என்று மட்டும் கேள், அவருக்கு விளங்கும்.

பித்தப்பை மட்டும் முந்திப் போய்விட, மற்றபடி முழுதாக இருக்கும்
உன் உம்மா
முனவ்வறா