யோகனின் கழுத்தில் இருந்த கோடு

என் அருமை மச்சான் யோகன்,

நீ போய் ஆறு வருடமாகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இப்போதும் கதவைப் பூட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை வெயிலில் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மனிதர் இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

முதலில் ஊர்ப் புதினம் சொல்கிறேன். சண்டை முடியவில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் சோதனைச் சாவடி அப்படியே இருக்கிறது. அப்போது மணல்மூட்டை மட்டும், இப்போது தகரக் கொட்டிலும் போட்டுவிட்டார்கள். நமக்குப் படிப்பித்த டியூட்டர் மிஸ் ஓய்வு பெற்றுப் போய்விட்டா. தாதியர் பாடசாலையில் ஆண் மாணவர்களுக்குப் பொறுப்பு இப்போது நான். திங்கட்கிழமை காலையில் அவர்களை வரிசையில் நிறுத்தி நகமும் முடியும் முகமும் பார்ப்பது நான்தான். சிரிக்காதே. கசங்கின யூனிபோமுக்காக அதிகம் ஏச்சு வாங்கினவன் நான் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பாடசாலைச் சட்டம் ஒன்றும் மாறவில்லை, அதே தாள்தான். தினமும் முகம் மழிக்கவேண்டும், மீசையும் ஆகாது. முடி கொலரில் படக்கூடாது. மோதிரம், கைமணிக்கூடு, சங்கிலி, நூல் எதுவும் கூடாது. வாசனைப் பவுடர் கூடாது, நோயாளிக்குக் குமட்டும். யூனிபோமோடு பஸ்ஸில் ஏறக்கூடாது, வார்ட்டுக் கிருமி ஊருக்குள் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. குனிந்து புண்ணுக்கு மருந்து கட்டும்போது கழுத்து நூல் புண்ணில் படும் என்று நானே இப்போது அவர்களுக்கு விளக்குகிறேன்.

அந்தச் சட்டத் தாளில் உள்ளபடி ஒரு யாழ்ப்பாணப் பெடியனை ஒழுங்காக்கி, யூனிபோமைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றினால் அவன் எப்படித் தெரிவான்? ஒட்ட வெட்டின முடி. அடையாள அட்டையில் மீசை, முகத்தில் மீசையில்லை. கழுத்தில் ஏதோ கிடந்து கழற்றின தடம். சாவடியில் நிற்பவர்கள் தேடுவதும் இப்படி ஒருவனைத்தான். இயக்கக்காரர் கட்டும் நஞ்சுக்குப்பி தொங்கின அடையாளம் உண்டா என்று கழுத்தைப் பார்ப்பார்கள் என்பது கொழும்பில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நமக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் மச்சான் நாம் இருவரும் அதை யோசிக்கவில்லை?

முதல் நாள் வார்ட்டுக்குப் போகும் காலை உனக்கு நினைவிருக்கும். அந்தக் கிழமைக்கு வகுப்பு மொனிட்டர் நான். ஒருவன் பிழையாக வந்தாலும் முழு வகுப்பையும் வார்ட்டிலிருந்து திருப்பி அனுப்புவேன் என்று மிஸ் சொல்லிவைத்திருந்தா. நீ குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கறுப்பு நூலைக் கொலருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாய். எட்டு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து நீ பிழைத்தபோது உன் அம்மா அம்மன் கோயிலில் வைத்துக் கட்டிவிட்டது. அது நைந்தால் அதே இடத்தில் புதிது கட்டுவா. ஒருநாளும் கழுத்து வெறுமையாக இருந்ததில்லை.

"கழட்டு யோகன், மிஸ் கண்டால் துலைஞ்சம்."

"ஏலாது மச்சான். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"அம்மாளாச்சி கோவிக்கமாட்டா. மிஸ்தான் கோவிப்பா."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, பையிலிருந்த மருந்துக்கட்டுக் கத்தரிக்கோலால் நான் நறுக்கென்று வெட்டிவிட்டேன். நீ நூலை மடித்து சட்டைப் பைக்குள் வைத்தாய். கழுத்தைத் தடவித் தடவி அன்று முழுக்க வேலை செய்தாய்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், திங்கட்கிழமைச் சோதனைக்காக முடி வெட்ட வெள்ளவத்தை சலூனுக்குப் போனோம். சலூன்காரர் உன் பிடரியைப் பிளேடு போட்டு வழித்தார். அப்போதுதான் அந்தக் கோடு எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் வெயில் படாத இடம், கழுத்தைச் சுற்றி வெளிறிக் கிடந்தது. "பவுடர் போடவா தம்பி?" என்று அவர் கேட்டார். "வேண்டாமண்ணை, எங்களுக்கு வாசம் கூடாது" என்றாய் நீ. சட்டம் அவ்வளவு ஊறிவிட்டது உனக்கு! நான்கூடப் பகிடி பண்ணினேன்.

திரும்பி வரும்போது பாலத்தடியில் பஸ்ஸை மறித்து ஆண்கள் எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம். சிங்களமும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு நிமிடத்தில் என்னை விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் நீ. ஆமிக்காரனுக்கு நம் வயதுதான் இருக்கும். அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், விரலால் உன் நாடியை நிமிர்த்தினான். "மே மொகத்த?" இது என்னவென்று கேட்டுக் கோட்டைத் தொட்டான். உனக்குச் சிங்களம் வராது. "ரவி, நீ சொல்லடா" என்று என்னைக் கூப்பிட்டாய்.

அதோடு நான் உன் கூட்டாளி என்று தெரிந்துவிட்டது. இருவரையும் வேறு வேறாகக் கூட்டிப் போனார்கள். இவன் கழுத்தில் என்ன கட்டியிருந்தான் என்று ஓர் அதிகாரி என்னைக் கேட்டார். கட்டியிருந்தான் என்று சொன்னால் உன்னைப் பிடித்துவிடுவார்கள், இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. ஒன்றுமில்லை சேர், அவன் ஒருநாளும் எதுவும் கட்டினதில்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

அதே நேரம் மறுபக்கத்தில் நீ உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நூல், அம்மா, ஆஸ்பத்திரி என்று தெரிந்த நாலு வார்த்தையில், கையைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டி, என் பக்கம் விரலை நீட்டிச் சொன்னாய். அதிகாரி திரும்பி என்னிடம் வந்தார். அவன் நூல் கட்டியிருந்தானாம், நீதான் வெட்டினாயாம், நீ ஒன்றுமில்லை என்கிறாய், யார் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "நீதானேடா வெட்டினனி, சொல்லன்!" என்று நீ கத்தினது எனக்குக் கேட்டது. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். உன்னை வைத்துக்கொண்டு, என் அட்டையை என் கையில் தந்து போகச் சொன்னார்கள். நான் ஏறிவிட்டேன். இருக்கையில் இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நீ கண்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மிஸ் அந்தச் சட்டத் தாளை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனா. நூலைக் கழற்றச் சொன்னது தான்தான் என்று வாதாடினாவாம். இவனுடன் வந்த சிநேகிதனே அப்படி ஒன்றும் இல்லையென்று சொல்லியிருக்கிறானே என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஸ் வகுப்புக்கு வந்து, "யார் அந்தச் சிநேகிதன்?" என்று கேட்டா. நாம் சேர்ந்து போனது அவவுக்குத் தெரியாது. மற்றவர்களோடு சேர்ந்து நானும் தெரியாதென்று தலையாட்டினேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இது யோசித்துச் சொன்ன பொய்.

ஏழு மாதம் கழித்து உன்னை விட்டபோது நீ கண் மஞ்சளாகித்தான் வந்தாய். நம் வார்ட்டிலேயே படுத்தாய். உன் தாடியை நான்தான் மழித்துவிட்டேன். நாடியில் ஒரு இடத்தில் கீறிவிட்டேன். "நீ பயந்திட்டாய்" என்றாய். நான் கீறலில் பஞ்சை அழுத்தினேன். "நானும் பயந்துதானடா உன்னைக் காட்டினனான்" என்றாய். பத்து நாளில் போய்விட்டாய். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் உன் அம்மாவால் வரமுடியவில்லை. என் பிள்ளையைக் கடைசியில் பார்த்தது நீதான் மகன் என்று அவ எனக்கு இன்னும் கடிதம் போடுகிறா. அவவுக்கு நான் எழுதுவதெல்லாம் சுகம் விசாரிப்பு மட்டுந்தான்.

இப்போது புது வகுப்பில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன திங்கட்கிழமை சட்டத்தை வாசித்தேன். மூன்று பேரின் கழுத்தில் நூல். ஒருவரும் மறுக்கவில்லை. வரிசையில் நின்றபடியே கழற்றி என் கையில் தந்தார்கள். மூன்று கழுத்திலும் மூன்று கோடு. மூன்று நூலையும் மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

இந்தச் சனிக்கிழமை முடி வெட்ட அவர்கள் வெளியே போகவேண்டும். நான் சொல்லும்வரை விடுதியை விட்டு அசையாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளைக்கு அடைத்துவைக்கலாம்? மழித்த முகத்தோடு புதுப் படம் ஒட்டி, பாடசாலைச் சட்டப்படி மீசை எடுக்கப்பட்டது, நூல் கழற்றப்பட்டது என்று சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம் கொடுக்கலாம். அவ்வளவுதான் வேண்டும். அதிபர் மேடத்திடம் கேட்டேன். "இதற்கு என்ன அவசியம்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?" என்றா. உன் பெயர் நுனிநாக்கில் வந்து நின்றது. எழுதித் தருகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

எழுதினால் முழுவதும் எழுதவேண்டும். ஆமிக்காரரிடம் பொய் சொன்னேன் என்று ஒரு தமிழன் இந்தக் காலத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? மேடத்துக்கு எழுதத் தொடங்கின கடிதத்தை என் மனைவி செல்வி காலையில் பார்த்துவிட்டாள். "உங்களுக்கென்ன விசரா? எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்றாள். அவள் சொல்வது பிழையில்லை. வாசலில் வாகனம் நின்றால் எனக்கு உயிர் போய்த் திரும்புகிறது.

ஆனாலும் எழுதிவிட்டேன், மச்சான். மேடத்துக்கு ஒன்று, உனக்கு இது. இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் பிறகு நான் பின்வாங்க முடியாது, என்னை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அந்த அளவுக்குப் பயம் மிச்சம் இருக்கிறது. உன் அம்மாவும் படிப்பா. இனி எனக்குக் கடிதம் போடமாட்டா என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை எட்டரைக்கு மேடத்தின் அறைக்குப் போவேன். பயந்தாலும் போவேன். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை ஆறு பேரில் ஒருவனையும் தனியாகப் பாலத்தைக் கடக்க விடமாட்டேன். போகத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் நான் நிற்பேன். அங்கே யாராவது ஒரு கழுத்தைத் தொட்டுக் கேட்டால், கேட்டு முடிக்கமுன்னமே சொல்வேன்: ஓம் சேர், நூல் கட்டியிருந்தான். கழற்றச் சொன்னது நான்.

உன் கழுத்து நூலை வெட்டின,
உன் மச்சான்
ரவி